மூடி வைத்த லேப்டாப் கண் திறக்கலையா? பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கும் முன் ஒரு நிமிஷம்!

இரவு 11 மணி. காலை 9 மணிக்குள் அனுப்ப வேண்டிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முக்கால்வாசி முடிந்துவிட்டது. சாப்பிட்டு வந்து மிச்சத்தைப் பார்த்துக்கலாம் என்று லேப்டாப்பை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போகிறார் ஒரு மாணவி. அரை மணி நேரம் கழித்து வந்து திறந்தால்.. திரை கறுப்பு. ஃபேன் லேசாகச் சுற்றும் சத்தம் கேட்கிறது. பவர் பட்டனில் வெளிச்சமும் இருக்கிறது. ஆனால் எந்தக் கீயைத் தட்டினாலும் அசைவில்லை. 'கடைசியா எப்போ சேவ் பண்ணோம்?' என்று யோசிக்கும்போதே வியர்க்க ஆரம்பித்துவிடும்.

லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும் கதைதான் இது. அடுத்து பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள்? பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பார்கள். லேப்டாப் அணையும், மறுபடி ஆன் ஆகும். பிரச்னை தீர்ந்த மாதிரி தெரியும். ஆனால் சேவ் செய்யாமல் விட்ட வேலை அந்த நொடியே காலி!

அந்தப் பட்டனுக்குப் போவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 5 நிமிடம்தான் ஆகும். அதற்கும் சரியாகாவிட்டால் என்ன செய்வது, அடிக்கடி இப்படி ஆனால் எங்கே கோளாறு, சர்வீஸ் கடைக்குக் கொடுக்கும்போது எதில் உஷாராக இருக்க வேண்டும் என்பதையும் பார்க்கலாம். பெரும்பாலானவர்களிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப் என்பதால் முதலில் அது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில்.

லேப்டாப் 'தூங்கும்போது' உள்ளே என்ன நடக்கிறது?

லேப்டாப்பில் திறந்து வைத்திருக்கும் ஃபைல், பிரவுசர் டேப் எல்லாம் 'ராம்' என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ராமுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் நின்றால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

ஸ்லீப் என்பது, திரை, பிராசசர், ஃபேன் என்று மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ராமுக்கு மட்டும் துளித்துளியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பது. அதனால்தான் திறந்தவுடன் விட்ட இடத்தில் இருந்து தொடர முடிகிறது. ஹைபர்னேட் வேறு. ராமில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ எழுதி வைத்துவிட்டு லேப்டாப் முழுசாக அணைந்துவிடும். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் பேட்டரி செத்தாலும் வேலை பத்திரமாக இருக்கும்.

இந்தத் தூக்க நிலைகளுக்கு எல்லாம் ஒரு பொது விதிமுறை இருக்கிறது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட 'ஏசிபிஐ' என்ற தரநிலைதான் அது. அதில் மேலே சொன்ன பழைய பாணி ஸ்லீப்புக்குப் பெயர் எஸ்3.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய லேப்டாப் என்றால் அதில் எஸ்3 இல்லாமலே இருக்கலாம். காரணம், செல்போன். போன் மாதிரி தொட்டவுடன் எழ வேண்டும், தூங்கும்போதும் மெயில் வர வேண்டும் என்று 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது 'கனெக்டெட் ஸ்டாண்ட்பை' என்ற புது முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-ல் அது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆனது. இதில் லேப்டாப் உண்மையில் முழுசாகத் தூங்குவதில்லை. ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும், அவ்ளோதான். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று பலரும் புலம்பும் ஸ்லீப் பிரச்னைகளில் இதற்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

சரி, எழும்போது ஏன் சிக்குகிறது? நீங்கள் மூடியைத் திறந்ததும் ஒரு சென்சார் தகவல் கொடுக்கும். அடுத்து பயோஸ் விழிக்கும். அது விண்டோஸை எழுப்பும். விண்டோஸ், கிராஃபிக்ஸ், வைஃபை, எஸ்எஸ்டி, யூஎஸ்பி என்று ஒவ்வொன்றின் டிரைவரையும் தட்டி எழுப்பும். கடைசியில்தான் திரையில் வெளிச்சம் வரும். கூட்டுக் குடும்பத்தில் கதவைத் திறக்க வேண்டிய ஒரே ஆள் எழாவிட்டால், வாசலில் நிற்கும் பால்காரருக்கு வீடே பூட்டிக் கிடக்கிற மாதிரிதானே தெரியும்? கறுப்புத் திரையும் அப்படித்தான். உள்ளே எல்லோரும் விழித்திருக்கலாம். ஒருவர் மட்டும் எழாமல் இருக்கலாம்.

அந்த ஒருவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் விஷயமே.

முதல் வேலை: கேப்ஸ் லாக் டெஸ்ட்

பதறாமல் கேப்ஸ் லாக் கீயை ஒருமுறை அழுத்துங்கள். அதில் இருக்கும் குட்டி விளக்கு எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைகிறதா? பாருங்க.

எரிந்து அணைந்தால் நல்ல செய்தி. லேப்டாப் விழித்துவிட்டது, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, திரை மட்டும்தான் வரவில்லை. உங்கள் ஃபைல் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த நிலையில் பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

விளக்கில் மாற்றமே இல்லை என்றால், சிஸ்டம் நடுவழியில் உறைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். எந்த விளக்குமே இல்லை என்றால் மின்சாரம்தான் பிரச்னை.

சில புது மாடல்களில் கேப்ஸ் லாக்கில் விளக்கே கிடையாது. அவர்கள் அடுத்து வரும் நான்கு கீ வித்தையைச் செய்துவிட்டு 'பீப்' சத்தம் வருகிறதா என்று காதால் கேட்டுக்கொள்ளலாம்.

திரை மட்டும் வரலையா? நான்கு கீ போதும்

விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி கீயை (பால் என்பதன் பி அல்ல, பஸ் என்பதன் பி) அழுத்துங்கள். ஒரு சின்ன 'பீப்' சத்தம் வரும். திரை ஒரு நொடி துடித்துவிட்டு உயிர் பெறும். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும் குறுக்குவழி. திறந்திருக்கும் ஃபைல் எதுவும் மூடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கிறது. இவ்வளவு பயனுள்ள ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படி நான்கு விரலுக்குள் ஒளித்து வைத்தது என்பதுதான் புரியவில்லை.

வேலை செய்யவில்லையா? பிரைட்னஸ் கீயைக் கூட்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், வெளிச்சம் பூஜ்யத்துக்குப் போயிருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து அசடு வழிந்தவர்கள் நிறைய பேர். அதன்பிறகு மூடியை மூடி, 10 நொடி விட்டு, மறுபடி திறங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் போன் டார்ச்சை எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் மேல் சாய்வாக டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் போயிருக்கிறது. இது ஹார்டுவேர் கோளாறு, நாமே சரிசெய்ய முடியாது. ஆனால் உங்கள் வேலையை மீட்க முடியும்.

எப்படி? வீட்டில் டிவி இருக்கிறதல்லவா? எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பில் இருந்து டிவிக்குக் கொடுங்கள். டிவி ரிமோட்டில் எச்டிஎம்ஐ-யைத் தேர்வு செய்யுங்கள். படம் தானாக வரவில்லை என்றால் விண்டோஸ் கீயோடு பி கீயை (இந்த முறை பால் பி, அதாவது ப்ராஜெக்ட் என்பதன் முதல் எழுத்து) அழுத்தி, ஓரிரு நொடி இடைவெளி விட்டு மாற்றிப் பாருங்கள். டிவியில் டெஸ்க்டாப் தெரிந்துவிட்டால் ஃபைலை சேவ் செய்து, பென் டிரைவிலோ மெயிலிலோ போட்டுவிடலாம். அதற்கப்புறம் லேப்டாப்பை நிதானமாகக் கவனித்துக்கொள்ளலாம்.

கேபிள் இல்லையா? இருட்டில் கை துழாவுகிற மாதிரி ஒரு வழி இருக்கிறது. திரை தெரியாமலே என்டர் தட்டுங்கள், சில நொடி விட்டு உங்கள் பின் நம்பரை டைப் செய்து மறுபடி என்டர். 10 நொடி காத்திருந்து கன்ட்ரோலோடு எஸ் அழுத்துங்கள். மூடும்போது அந்த ஃபைல்தான் முன்னால் திறந்திருந்தது, அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்து ஒருமுறையாவது சேவ் செய்திருந்தீர்கள் என்றால் மட்டுமே இது பலிக்கும். உத்தரவாதம் இல்லை. ஆனால் இழப்பதற்கும் எதுவும் இல்லை.

விளக்கு எரியுது, ஆனா எதற்கும் அசையலையா?

முதலில் காத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடம். லேப்டாப் நீண்ட நேரம் மூடிக் கிடந்திருந்தால் ஸ்லீப்பில் இருந்து தானாக ஹைபர்னேட்டுக்குப் போயிருக்கும். எஸ்எஸ்டி இல்லாத, பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப் அதிலிருந்து எழ நிஜமாகவே அவ்வளவு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து கீயைத் தட்டிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

காத்திருக்கும்போதே யூஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பென் டிரைவ், மவுஸ் டாங்கிள், வெளி ஹார்ட் டிஸ்க், எதையும் விடாமல். ஒரே ஒரு யூஎஸ்பி சாதனம் பதில் சொல்லாமல் இருந்தால்கூட மொத்த விழிப்பும் அதற்காகக் காத்து நிற்கும் சம்பவங்கள் உண்டு. பிறகு சார்ஜரை மாட்டுங்கள். பவர் பட்டனை ஒரே ஒருமுறை, லேசாக, தட்டிவிட்டு எடுங்கள். லேசான தட்டல் என்றால் 'எழு' என்று அர்த்தம். அமுக்கிப் பிடித்தால் 'அணை' என்று அர்த்தம். இரண்டுக்கும் வித்தியாசம் சில நொடிதான்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், இப்போது அமுக்கிப் பிடிக்கலாம். 10 நொடி. சில மாடல்களுக்கு 20 நொடிகூட தேவைப்படும். முழுசாக அணைந்த பிறகு அரை நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள்.

வேர்டில் வேலை செய்துகொண்டிருந்தீர்களா? உடனே நொந்துகொள்ள வேண்டாம். வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளும். மறுபடி திறந்ததும் இடதுபக்கம் 'டாக்குமென்ட் ரெகவரி' என்று ஒரு பட்டியல் வரலாம். வரவில்லை என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போய் 'ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' பாருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. நெட் இருந்தவரை எல்லாம் சேவ் ஆகியிருக்கும்.

ஒரு வெளிச்சமும் இல்லையா?

ஸ்லீப்பில் இருந்த லேப்டாப்பின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சார்ஜரை மாட்டி 15 முதல் 30 நிமிடம் தொடாமல் விடுங்கள். முழுசாக வற்றிய பேட்டரி, சார்ஜர் போட்ட உடனே ஆன் ஆகாது. பிளக் பாயின்ட்டில் கரன்ட் வருகிறதா என்பதை போன் சார்ஜரை மாட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கும் வராவிட்டால் மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்யும் முதல் வேலையை நீங்களே செய்யலாம். சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகை என்றால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 நொடி அமுக்கிப் பிடியுங்கள். போர்டில் தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரியை மாட்டி, சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் போர்டில் உள்ள குட்டி கன்ட்ரோலர் சிப் குழம்பி நின்றிருந்தால் அது புதிதாகத் தொடங்க இது உதவும்.

ஆன் ஆகாமல் விளக்கு மட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்குகிறதா? அந்த எண்ணிக்கையை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் வீடியோ எடுங்கள். எச்பி லேப்டாப்களில் கேப்ஸ் லாக் விளக்கும், டெல் லேப்டாப்களில் பேட்டரி விளக்கும் இப்படி மினுக்கித்தான் எந்தப் பாகத்தில் கோளாறு என்பதைச் சொல்லும். ராம், பயோஸ், திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான விளக்கம் கிடைக்கும். கடைக்காரரிடம் பேசும்போது இந்தத் தகவல் உங்கள் கையில் இருப்பது நல்லது.

இதைச் சொன்னால் நம்ப மாட்டீங்க.. காந்தம்!

லேப்டாப் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? பல மாடல்களில் திரையின் விளிம்பில் ஒரு சின்னக் காந்தமும், கீபோர்டு பக்கம் அதை உணரும் 'ஹால்' சென்சாரும் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் 'மூடிவிட்டார்கள்' என்று லேப்டாப் நினைத்துக்கொள்ளும்.

அது எந்தக் காந்தம் என்று அதற்குத் தெரியாது. ஃபிளிப் கவர் போட்ட போனை கீபோர்டு ஓரத்தில் வைத்தாலோ, காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டையைக் கட்டிக்கொண்டு டைப் செய்தாலோ, ஒரு லேப்டாப் மேல் இன்னொரு லேப்டாப்பை வைத்து வேலை செய்தாலோ, திறந்திருக்கும்போதே திரை அணைந்து தூங்கப் போய்விடும். எழுப்பினாலும் மறுபடி தூங்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் மேஜையைக் கொஞ்சம் ஒதுங்க வைத்துப் பாருங்கள்.

ஒருமுறை இல்ல, அடிக்கடி நடக்குதா?

மாதத்தில் ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை என்றால் காரணத்தைத் தேட வேண்டியதுதான்.

எப்போது ஆரம்பித்தது என்பதில் இருந்து தொடங்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தத் தேதியில் என்ன அப்டேட் ஆனது, எந்தத் தேதியில் சிஸ்டம் முறையாக மூடாமல் அணைந்தது என்று நாள்காட்டி போல வரிசையாகக் காட்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆன மறுநாளில் இருந்துதான் தொல்லை என்றால் குற்றவாளி கிட்டத்தட்ட சிக்கிவிட்டார். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் கிராஃபிக்ஸ் பெயரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் டிரைவரை இறக்கிப் போடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் சாஃப்ட்வேர்களின் பக்கமே போகாதீர்கள்.

சிலர் ஈவென்ட் வியூவரைத் திறந்து 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பதற்கான பதிவு அது. பவர் பட்டனை அமுக்கி அணைத்தது நீங்கள்தானே? அதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. ஏன் உறைந்தது என்று அது சொல்லாது.

கீபோர்டைத் தட்டினால் எழவில்லை, பவர் பட்டனைத் தட்டினால் எழுகிறது என்றால் அது வேறு கதை, அதுவும் சுலபமான கதை. டிவைஸ் மேனேஜரில் கீபோர்டு, ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் போய் 'அலவ் திஸ் டிவைஸ் டு வேக் தி கம்ப்யூட்டர்' என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸ் 8-ல் இருந்து இருக்கும் இந்த வசதியால், நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதி முழுசாக மூடாது. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். அதாவது, முந்தாநாள் வந்த கோளாறையும் சேர்த்துத் தொடரும்! 'தினமும் ஷட் டவுன் பண்றேனே, அப்பவும் இப்படி ஆகுதே' என்பவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' போக வேண்டும்.

அதே பக்கத்தில்தான் மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும் என்ற செட்டிங்கும் பக்கத்தில் இருக்கிறது. ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். பட்டியலில் ஹைபர்னேட் இல்லையா? டெர்மினலை அட்மினாகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்துகளையும் ஒட்டி டைப் செய்து, இடைவெளி விட்டு முன்சாய்வுக் கோடும் எச் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு ஆன் என்று கொடுத்தால் வந்துவிடும். எச் எழுத்துக்குப் பதில் ஏ மட்டும் கொடுத்தால், உங்கள் லேப்டாப்பில் எஸ்3 இருக்கிறதா, மாடர்ன் ஸ்டாண்ட்பையா என்பதைப் பட்டியலிட்டுக் காட்டும். ஹைபர்னேட்டுக்கு சி டிரைவில் சில ஜிபி இடம் வேண்டும், எழ சில நொடி கூடுதலாக ஆகும். ஸ்லீப்போடு தினமும் மல்லுக்கட்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

பையில் போட்ட லேப்டாப் ஏன் கொதிக்குது?

மாடர்ன் ஸ்டாண்ட்பையின் ஒரு கண் திறந்த தூக்கத்தைப் பற்றிச் சொன்னோம் அல்லவா, அதன் விளைவு இதுதான். மூடி, பையில் போட்டு, பஸ் ஏறிவிடுகிறீர்கள். உள்ளே அப்டேட்டோ வேறு ஏதோ வேலையோ அதை எழுப்பிவிடுகிறது. காற்றுப் போக வழியில்லாத பைக்குள் சூடு ஏறிக்கொண்டே போகிறது. இறங்கி எடுத்துப் பார்த்தால் லேப்டாப் கொதிக்கும், பேட்டரி பாதிக்கு மேல் காலி, சில நேரம் சூட்டினால் தானே அணைந்து கிடக்கும். பேட்டரியின் ஆயுளுக்குச் சூடுதான் முதல் எதிரி.

பையில் வைக்கும் முன் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன். மேஜையில் இருந்து மேஜைக்கு என்றால் ஸ்லீப் போதும்.

சூடு சம்பந்தமாக இன்னொன்று. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அடிப்பாகம் புடைத்து மேஜையில் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. ஸ்லீப் பிரச்னையை எல்லாம் மறந்துவிட்டு லேப்டாப்பை அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். நேராக சர்வீஸ் சென்டர்தான்.

48 இலக்க சாவி உங்ககிட்ட இருக்கா?

நிறைய பேர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். கோளாறை சரிசெய்ய பயோஸ் அப்டேட் செய்கிறார்கள், அல்லது பயோஸை ரீசெட் செய்கிறார்கள். லேப்டாப் ஆன் ஆகிறது. ஆனால் நீலத் திரையில் 'பிட்லாக்கர் ரெகவரி கீ' கேட்கிறது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்றைய பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தவுடன், உங்களைப் பெரிதாகக் கேட்காமலே டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகிவிடும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் இருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. திருடன் கையில் லேப்டாப் சிக்கினால் உங்கள் போட்டோவைப் பார்க்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் பயோஸில் பெரிய மாற்றம் நடந்தால் விண்டோஸ் உங்களையே திருடன் என்று சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லை என்றால் டிஸ்க்கில் இருக்கும் எதையும் எடுக்க முடியாது. எந்தக் கடைக்காரராலும் முடியாது.

லேப்டாப் நன்றாக இருக்கும்போதே, போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப் பெயருக்குக் கீழே ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வாங்கியபோது கடைக்காரரே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு ஆன் செய்து கொடுத்தாரா? அப்படியென்றால் சாவி அந்த மெயில் ஐடியில் இருக்கும். இன்றைக்கே அதை விசாரித்துவிடுங்கள்.

பயோஸ் அப்டேட் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்லீப் கோளாறுகளை அது சரிசெய்வது உண்மை. ஆனால் நடுவில் மின்சாரம் போனால் லேப்டாப் எழாமலே போகக்கூடிய வேலை அது. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது, சார்ஜரும் மாட்டிக்கொண்டு, கம்பெனி தளத்தில் இருந்து மட்டுமே செய்யுங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில், கரன்ட் போய் வரும் நேரத்தில், வேண்டவே வேண்டாம்.

சர்வீஸ் கடைக்குப் போகும்போது

ரோல் பேக், ரீசெட், மிச்ச மின்சாரம் வடிப்பது என எல்லாம் செய்தும் எழவில்லை என்றால் ராம், எஸ்எஸ்டி, திரை கேபிள், போர்டு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். வாரன்ட்டி இருந்தால் வெளியே எங்கும் திறக்க விடாதீர்கள்.

வாரன்ட்டி முடிந்திருந்தால், கடையில் முதல் வார்த்தையாகவே 'மதர்போர்டு போச்சு' என்று சொன்னால், ராமைக் கழற்றி மாட்டிப் பார்த்தீர்களா, வெளி மானிட்டரில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இரண்டும் சில நிமிட வேலை. நேர்மையான மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், ஏற்கெனவே செய்திருப்பார்.

'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் இருப்பது எல்லாம் போய்விடும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைல்களை எடுத்த பிறகு ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் அந்த 48 இலக்க சாவி தேவைப்படலாம். சில மெல்லிய லேப்டாப்களில் எஸ்எஸ்டி போர்டோடு சேர்ந்தே வரும், கழற்ற முடியாது. அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

மேக்புக்கில் பிரைட்னஸ் கீ, மூடியை மூடித் திறப்பது, சார்ஜர் மாட்டிக் காத்திருப்பது எல்லாம் அதேதான். அசையாவிட்டால் பவர் பட்டனை 10 நொடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். டச் ஐடி இருக்கும் மாடலில் அந்தப் பட்டனேதான் பவர் பட்டன். 'எஸ்எம்சி ரீசெட் பண்ணுங்க' என்று பழைய யூடியூப் வீடியோக்கள் சொல்லும். அது இன்டெல் சிப் இருக்கும் மேக்குகளுக்கு மட்டும். எம்1 முதல் வந்த ஆப்பிள் சிப் மாடல்களில் அப்படி ஒரு ரீசெட்டே கிடையாது, அணைத்து ஆன் செய்தால் போதும்.

லினக்ஸில், குறிப்பாக என்விடியா கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப்களில், ஸ்லீப்பில் இருந்து எழாமல் போவது பழைய தலைவலி. கம்பெனியின் அதிகாரபூர்வ என்விடியா டிரைவருக்கோ புது கெர்னலுக்கோ மாறினால் பலருக்குச் சரியாகிறது. மாறும் முன் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். புதியது ஒத்துவராவிட்டால் ஆன் ஆகும்போது வரும் மெனுவில் பழையதைத் தேர்வு செய்து உள்ளே போய்விடலாம்.